நூற்றெண்பத்தேழு

கணக்கு தொண்ணூற்று நாலு.
இயற்பியல் தொண்ணூற்றொன்று, வேதியியல் தொண்ணூற்றைந்து,
இவை இரண்டிலும் பாதி.
கால்குலேட்டரை நான் தேடுமுன்பே
நூற்றெண்பத்தேழு அக்கா என்கிறாள் சுகப்பிரியா.
இந்த மாதம் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும்
அவரவர் எண் ரத்த வகையைப் போல மனப்பாடம்.

காவேரிப்பட்டணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, சிட்டா.
ஜூலையில் மட்டும் நான் ஜோசியக்காரி.
கிளி கிடையாது,
நீள நோட்டு ஒன்று உண்டு.
எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், யாருக்கு
எத்தனையில் கதவைச் சாத்தியது என்று
ஐந்து வருடத்துக் கதவுகள்
பென்சிலில்.

சென்னையில் அந்தச் சிவப்புக் கட்டடம் வேண்டுமாம் இவளுக்கு.
போன வருடம் சாத்தியது நூற்றெண்பத்தேழரையில்.
அதற்கு முந்தைய வருடம் நூற்றெண்பத்தாறரையில்.
இந்த வருடம்?
கணக்குத் தாள் சுலபம் என்றார்கள், ஏறும்.
வேதியியல் கழுத்தை அறுத்தது என்றார்கள், இறங்கும்.
ஸ்கேலை வைத்துக் கோடு இழுக்கிறேன்.
கோடு அவள் தலைமேல் ஒருமுறை,
காலடியில் ஒருமுறை.

அரை மதிப்பெண் என்றால்
இயற்பியலில் ஒரே ஒரு மதிப்பெண்.
விடை சரிதான் அக்கா,
வோல்ட் என்று எழுத மறந்துவிட்டேன்.

போன ஜூலையில் இதே நாற்காலியில் கிருபாகரன்.
கிடைக்காது தம்பி, எதற்கு வீணாய் ஒரு வரி என்று
நானே அழித்தேன்.
அவனுக்கும் கீழே அரை மதிப்பெண் இறங்கிப் போய்த்தான்
நின்றது அந்தக் கதவு.
அவன் அம்மா இப்போதும் ரேஷன் கார்டு நகலெடுக்க வருகிறார்.
சில்லறையைச் சரியாகக் கொடுக்கிறார்.
ஒன்றும் சொல்வதில்லை.
சொல்லித் தொலைக்கலாம்.

அதனால் இப்போது
ஆசையை முதல் வரியில் போடச் சொல்கிறேன்,
வாய்ப்பை அதற்குக் கீழே.
கணினி மேலிருந்து படிக்கும்.
இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாது,
அடுத்த வரிக்குப் போகும்.
பெற்றவர்கள் நம்புவதில்லை.
எடுத்ததுமே பெருசா கேட்டா
சின்னதும் இல்லைன்னுடுவாங்களே என்கிறார்கள்.
அவர்கள் ஏறி இறங்கிய ஆபீஸ்கள் அப்படி.

இருபத்து மூன்று வரி போட்டோம்.
கடைசியில் பர்கூர், வீட்டிலிருந்தே பஸ்.
பட்டியலில் இல்லாத இருபத்து நாலாவதும் ஒன்று உண்டு,
அதிகாலை ஓசூர் கம்பெனி வண்டி.
அவள் அக்கா அதில்தான் போகிறாள்.
அதற்குக் கட்-ஆஃப் கிடையாது.

ஒரே எண்ணில் பலர் நின்றால் என்ன செய்வார்கள்?
கணக்கைப் பார்ப்பார்கள், இயற்பியலைப் பார்ப்பார்கள்,
அப்புறமும் தீராவிட்டால் பிறந்த தேதி.
மூத்தவருக்கு முதலில்.
சிரித்துவிட்டாள்.
பிறந்தது ஐப்பசி மழையில்.
வயது பத்தவில்லை, பார்த்துப் போடுங்கள் என்று
அப்பா கெஞ்சியதில்
மே பதினாலு என்று எழுதிக்கொண்டதாம் பள்ளிக்கூடம்.
ஐந்து மாதப் பொய்
பன்னிரண்டு வருடம் சான்றிதழில் தூங்கிக் கிடந்தது.
எழுப்பி வரிசையில் நிறுத்துகிறோம்.

சமர்ப்பி.
ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகிறது.
அப்பா மாங்கூழ் ஆலையில், சீசனின் கடைசி லோடில்.
முதல் அழைப்பை எடுக்கவில்லை.
இரண்டாவதில் எந்திரச் சத்தம் மட்டும்.
பத்து நிமிடத்தில் ஏழு போயிற்று.
சுகப்பிரியா நகத்தைக் கடிக்காமல்
என் ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவதில் வேடியப்பன் கத்துகிறார்.
நாலு. பூஜ்யம். ரெண்டு.
இரும்மா, கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது.
ஒன்பது. ஒன்பதா? ஆமா, ஒன்பது.
ரெண்டு. ஆறு.

பச்சை டிக் விழுந்தது.
கிடைச்சிடுச்சா என்கிறார்.
நம்பர் கிடைச்சிடுச்சுண்ணா என்கிறேன்.
அப்ப சரி, வெச்சிடறேன்,
லோடு வந்து நிக்குது.